படித்துப் புரிந்துகொண்டேன்

எங்கள் ஊரில் விபத்து, நடப்பதற்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்து விலாசத்தைச் சரிபார்த்துவிட்டுப் போவார். ஐம்பது வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, தோளில் ஒரு ரெக்சின் பை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். ரேஷன் கார்டைக் கேட்டு வாங்கி, அதிலிருக்கும் ஆண்பிள்ளையின் பெயரைத் தன்னிடமிருக்கும் பாரத்தோடு ஒத்துப் பார்ப்பார். வீட்டுக்காரியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார். கொடுத்தால் டீ குடிப்பார். மறுநாள் குவாரியில், பாரத்தில் எழுதியிருக்கும் நேரத்துக்கு, எழுதியிருக்கிறபடி நடக்கும். ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆனதில்லை.

குவாரி ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. ஆண்கள் மலையின் பாதி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெடி வைக்கக் குழி போடுவார்கள். பெண்கள் கீழே கிரஷரில் ஜல்லி சுமப்போம், பெல்ட்டுக்கு அடியில் சேரும் தூசியை அள்ளுவோம். ஆபத்தெல்லாம் மேலேதான், கீழே ஒன்றுமில்லை என்று முதலாளி சொல்வார். குவாரி கேட்டில் ஒரு கறுப்புப் பலகை உண்டு. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே வாட்ச்மேன் தினமும் காலையில் பழைய எண்ணை அழித்துவிட்டு ஒன்று கூட்டி எழுதுவார். யாராவது விழுந்தால் பூஜ்யம் போட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஏறுவார். நான் வேலைக்கு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் அது தொண்ணூறைத் தாண்டிப் பார்த்ததில்லை.

விபத்து வந்துபோனதை வீட்டுக்காரி வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அது எங்கள் பழக்கம். அன்றைக்குக் கறி எடுத்துச் சமைப்பாள். ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் வீட்டில் கறி வாசம் வந்தால் ஆண்பிள்ளை புரிந்துகொள்வான். ஒன்றும் கேட்காமல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் நேரத்துக்கு வேலைக்குப் போவான்.

போகாமல் இருந்தால் என்ன என்று யாரும் யோசிக்காமல் இல்லை. காசிமாயன் என்று ஒருவன் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். விபத்து சரியான நேரத்துக்கு மலைக்குப் போய்ப் பார்த்தார். கயிறு காலியாக இருந்தது. பக்கத்துக் கயிற்றில் தொங்கியவனை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு காசிமாயனுக்குப் பக்கத்தில் கயிறு கட்ட ஒருவரும் வரவில்லை. அவன் இப்போது வேறு ஊரில் டீக்கடை வைத்திருக்கிறான்.

பெண்களுக்கு இவர் வருவதில்லை. எங்களுக்கு வருகிறவர்கள் வேறு. கிரஷர் விட்டுத் திரும்பும் ஒரு சாயங்காலத்தில் ஒருத்தி நம் கூடவே நடந்து வருவாள். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, சொல்லாமலே வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பிப்பாள். அவளிடம் பையும் கிடையாது, பாரமும் கிடையாது. நமக்கு இருமல் வந்தால் முதுகைத் தடவிவிடுவாள். வருஷத்துக்கு வருஷம் நாம் இளைப்போம், அவள் கொஞ்சம் சதை போடுவாள். அடுத்த வீட்டு ஒச்சம்மாளிடம் ஒருத்தி ஒன்பது வருஷமாக இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. எனக்கு அதுவும் ஒரு கவலை. எல்லார் வீட்டுக்கும் வந்தது நமக்கு ஏன் வரவில்லை, மொத்தமாகச் சேர்த்து வரப்போகிறதோ என்று.

நான் எதற்கும் கவலைப்படுகிறவள்தான். கேஸை அணைத்தேனா, கொடியில் போட்ட துணியைக் காற்று கொண்டுபோயிருக்குமா என்று வேலைக்கு நடுவில் நின்று யோசிப்பேன். கல் குவாரியில் வேலை பார்க்கிற ஆளின் வீட்டில் துணி துவைக்க ஒரு கல் இல்லையே என்பது இருபது வருஷக் கவலை. கேட்டால் என் வீட்டுக்காரர் சடையாண்டி, “நாள் பூரா கல்லு மூஞ்சியிலதான் முழிக்கிறேன். வீட்டுக்குள்ளயும் கொண்டு வரணுமா?” என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கிரஷரில் பெல்ட் அறுந்துவிட்டது. பெண்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. மணி மூன்று.

“சடையாண்டி வீடுதானம்மா?”

“ஆமா சார். உள்ள வாங்க.”

பாயை விரித்தேன். உட்கார்ந்தார். ரேஷன் கார்டைப் பார்த்தார். கதவு எண்ணைப் பார்த்தார். பிறகு நான்கு பக்கப் பாரத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கீழே ஒரு கோட்டைக் காட்டினார்.

“இங்க ஒரு கையெழுத்து. போடத் தெரியாட்டி கைநாட்டு.”

கோட்டுக்கு மேலே ஏதோ அச்சடித்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘மேற்கண்டவற்றைப் படித்துப் புரிந்துகொண்டேன்.’

“நான் இன்னும் படிக்கலையே சார்.”

“யாரும் படிக்கிறதில்லம்மா.”

“படிக்காம படிச்சேன்னு எப்படிப் போடுறது?”

அவர் அந்த வரியைத் தானும் ஒரு தரம் வாசித்தார். பொய் சொல்லுகிற ஆள் இல்லை. “சரி, படிங்க” என்று பாரத்தை என் கையில் கொடுத்தார்.

எங்கள் தெருவில் படித்த பெண்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். படிக்காதவர்களுக்கு அவரே கடகடவென்று வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கிக்கொள்வார். நான் நான்காம் வகுப்போடு நின்றவள். எழுத்து தெரியும். ஆனால் ஒவ்வொன்றாகத்தான் தெரியும். வார்த்தையின் கடைசி எழுத்துக்குப் போகும்போது முதல் எழுத்து மறந்துவிடும். திரும்பப் போய் எடுத்து வர வேண்டும். என்னைப் போல நடுவில் நின்றவள் அவருக்கு இதுவரை வாய்க்கவில்லை போலிருக்கிறது.

“பெ... ய... ர். பெயர். ச... டை... யா...”

ஐந்து மணிக்கு முதல் பக்கத்தில் பாதி வந்திருந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“என் டியூட்டி அஞ்சு வரைக்கும்தான். காலையில ஒம்பது மணிக்கு வர்றேன். நாளைக்குப் பதினொண்ணு இருபதுக்கு நேரம் குறிச்சிருக்கு. அதுக்குள்ள முடிச்சிருங்கம்மா.”

“முடிக்காட்டி?”

“முடியாத பாரத்து மேல யாரும் எதுவும் செய்ய முடியாது” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கறி எடுப்பதா வேண்டாமா என்று எனக்கு ஒரே குழப்பம். எடுத்தால் முடிவானது போல ஆகிவிடும். எடுக்காமல் விட்டு நடந்துவிட்டால், சொல்லாமல் அனுப்பிய பாவம் என்னோடு இருக்கும். கடைசியில் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். சடையாண்டி வாசலில் நின்று மோந்து பார்த்தார்.

“என்னடி இது, கறியாவும் இல்லாம காயாவும் இல்லாம?”

“இன்னைக்கு இதுதான்.”

“அப்ப போறதா வர்றதா?”

“வேலைக்குப் போங்க. சாயங்காலம் வந்துருங்க.”

ஒரு தரம்தான் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் ஏழு மணிக்குக் கிளம்பிப் போனார். நான் கிரஷருக்குப் போகவில்லை. அங்கே நோட்டில் பெண்கள் பெயர் எழுதுவதில்லை. அதனால் எங்களுக்கு லீவு என்றும் ஒன்று கிடையாது. போனால் போனோம், போகாவிட்டால் போகவில்லை. சரியாக ஒன்பது மணிக்கு அவர் வந்தார். கண்ணாடியை மறந்துவிடவில்லையே என்று நான் என் கண்ணாடியைத் தேடினேன், எனக்குக் கண்ணாடியே கிடையாது என்பது பிறகுதான் நினைவு வந்தது. உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். ‘நிற்கும் இடத்தின் உயரம்: அறுபத்திரண்டு அடி.’ ‘கல்லின் எடை: நூற்றுப் பத்து கிலோ.’

பத்து மணிக்கு ஒச்சம்மாள் வந்து வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய ஒருத்தி சொம்புத் தண்ணீரோடு நின்றாள். ஒச்சம்மாளின் வீட்டுக்காரர் வீரணன் சடையாண்டிக்குப் பக்கத்துக் கயிறு.

“விருந்தாளி வந்துருக்காக போல” என்றாள் ஒச்சம்மாள். பாயில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். “பவுனு, தம்பி வேலைக்குப் போயிருச்சா?”

“போயிட்டாருக்கா.”

“நெசமாத்தான?”

“ஏழு மணிக்கே போயிட்டாரு. சைக்கிள் இல்ல பாரு.”

அவள் சைக்கிள் நிற்கும் இடத்தை எட்டிப் பார்த்தாள். “இல்ல, நீ கவலப்படுறவளாச்சே, எங்க கட்டிலுக்கு அடியில கிடியில ஒளிச்சு வச்சிருப்பியோன்னு...” என்று சிரிக்க ஆரம்பித்து இருமினாள். அவளுடைய ஒருத்தி முதுகைத் தடவினாள். இருமல் நின்றதும் ஒச்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தப்பா நெனச்சுக்கிராத பவுனு. எனக்கும் வீட்டுக்காரருன்னு ஒண்ணுதான் இருக்கு” என்றாள்.

“நான் நெனப்பேனாக்கா?”

போகும்போது அவளுடைய ஒருத்தி பாயிலிருந்தவருக்குத் தலையை ஆட்டினாள். அவரும் லேசாகத் தலையாட்டினார். ஒரே ஆபீசில் வெவ்வேறு செக்‌ஷனில் இருப்பவர்களைப் போல.

நான் திரும்பப் படிக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வேகம் வந்துவிட்டது. நேற்று ஒரு வார்த்தைக்கு எடுத்த நேரத்தில் இன்று ஒரு வரி ஓடியது. ‘மேற்படி தொழிலாளி’ என்பது மூன்றாம் பக்கத்தில் எட்டு தடவை வந்தது. ஐந்தாவது தடவையிலிருந்து அதை ஒரே மூச்சில் வாசித்தேன். நிறுத்த முயன்றேன். கண் தானாக ஓடியது. நான்காம் வகுப்பு டீச்சர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். பதினொன்று ஐந்துக்குக் கடைசி வரிக்கு வந்துவிட்டேன்.

அவர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

நான் பேனாவை வாங்கவில்லை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே ஒரு கட்டத்தில், ‘மனைவியின் தொழில்: வீட்டு வேலை’ என்று இருந்தது. காலையில் படிக்கும்போது அது தொண்டையில் முள் மாதிரி ஒரு நிமிஷம் நின்றது. பிறகு இறங்கிவிட்டது. இப்போது திரும்ப மேலே வந்தது.

“இது தப்பு சார்.”

“எது?”

“நான் கிரஷர்ல வேலை பாக்குறேன். இருபத்திரண்டு வருஷமா.”

“எல்லாப் பாரத்துலயும் அப்படித்தாம்மா இருக்கும். ஆபீசுலயே அடிச்சு வர்றது.”

“தப்பா இருக்கிறதப் படிச்சேன்னு போடலாம். புரிஞ்சுதுன்னு எப்படிப் போடுறது?”

அவர் பேனாவை மூடினார். திறந்தார். “திருத்தலாம். ஆனா ஒண்ணு சொல்லிர்றேன். இந்தக் கட்டத்துல இதுவரைக்கும் யாரும் வேற எழுதச் சொன்னதில்ல. வேலைன்னு ஒண்ணு எழுதிட்டா, பாரத்துல நீங்களும் வந்துருவீங்க.”

“வந்தா?”

“அவரு விஷயம் தேதி போட்டது. தேதி போனா போச்சு. உங்க விஷயத்துக்குத் தேதி கிடையாது. அது போகாது.”

மணியைப் பார்த்தேன். பதினொன்று எட்டு. அறுபத்திரண்டு அடி உயரத்தில் சடையாண்டி குழி போட்டுக்கொண்டிருப்பார். அவர் பத்து நாளாகச் சொல்லியும் நான் தைக்காமல் விட்ட சட்டைப் பொத்தான் நினைவுக்கு வந்தது.

“எழுதுங்க சார்.”

அவர் ‘வீட்டு வேலை’யின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அடித்தார். பக்கத்தில் ‘கிரஷர்’ என்று எழுதினார். சுருக்கொப்பம் போட்டார். பாரத்துக்கு மூன்று நகல் இருந்தது. ஒவ்வொன்றிலும் அதே இடத்தைத் தேடி, அதே மாதிரி ஸ்கேல் வைத்து, அதே மாதிரி அடித்து எழுதினார். ஒழுங்கான ஆள், கோடு கோணலாகப் போனால் பொறுக்காது. மூன்றாவது நகலில் சுருக்கொப்பம் போட்டுத் தேதி எழுதும்போது எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் பதினொன்று இருபத்தொன்று.

இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம். குவாரிப் பக்கம் சத்தம் ஒன்றும் இல்லை.

“டீ போடவா சார்?”

“போடுங்க” என்றார். பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். டீ குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. அவருக்குப் போக இடமில்லை என்று தெரிந்தது. மத்தியானம் சமைக்க வெங்காயக் கூடையை எடுத்தேன். அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். முதல் வெங்காயத்தைச் சதையோடு சேர்த்து உரித்துவிட்டார். புதுசு.

சாயங்காலம் சடையாண்டி வந்தார். பாயில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் கைகால் கழுவினார்.

“பதினொண்ணு இருபதுக்கு ஒரு கல்லு கழண்டு வந்துச்சு” என்றார். “என் தலைக்கு மேல ஒரு முழத்துல வந்து நின்னுருச்சு. நானும் பாக்குறேன், அதுவும் பாக்குது. வீரணன் அண்ணன் கயித்தப் பிடிச்சுக்கிட்டு, அசையாத தம்பிங்குறாரு. கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் மேல போயிருச்சு.”

“பெரிய கல்லா?”

“நூறு கிலோவுக்கு மேல இருக்கும். துவைக்கிற கல்லு சைசு.” சொல்லிவிட்டு மெதுவாக, “சார் இருப்பாரா?” என்று கேட்டார்.

“இருப்பாரு.”

“எத்தன நாளைக்கு?”

அவர் என்னையும் வெங்காயத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போய் இன்னொரு தட்டு எடுத்து வைத்தார். அன்று ராத்திரி சட்டையைக் கேட்டு வாங்கிப் பொத்தான் தைத்தேன்.

நான்கு நாள் கழித்துத் தபாலில் ஆர்டர் வந்தது. அவரைப் பெண்கள் பிரிவுக்கு மாற்றி, இருக்கும் இடத்திலேயே வேலையில் சேரச் சொல்லியிருந்தார்கள். அவர் முழுக்கைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சடையாண்டியின் பழைய பனியனைப் போட்டுக்கொண்டார். அவருடைய பழைய இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. பலகையில் எண் தொண்ணூறைத் தாண்டியது, நூறைத் தாண்டியது. ஊரில் எந்த நாளும் கறி வாசம் வர ஆரம்பித்தது. ஆண்கள் முதலில் பயந்தார்கள். பிறகு பழகிவிட்டது. நூறாவது நாள் முதலாளி எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்.

நூற்று முப்பத்தேழாவது நாள் ஒச்சம்மாள் செத்துப்போனாள்.

வீட்டில்தான் செத்தாள். கடைசி நேரத்தில் அவள் அவ்வளவு லேசாக இருந்தாள், வீரணன் அண்ணன் ஒரு கையால் தூக்கினார். அவளுடைய ஒருத்தி நல்ல சதைபிடிப்பாக வாசலில் வந்து நின்று, சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். மறுநாள் காலையில் நான் கேட் பக்கம் போய்ப் பார்த்தேன். வாட்ச்மேன் நூற்று முப்பத்தேழை அழித்துவிட்டு நூற்று முப்பத்தெட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

“ஒச்சம்மாக்கா போயிருச்சே” என்றேன்.

“ஆமாக்கா, கேள்விப்பட்டேன். பாவம். உடம்புக்குச் சரியில்லையாமுல்ல” என்று சொல்லிக் கையில் ஒட்டிய சாக்பீஸைத் தட்டிவிட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு முதல் இருமல் வந்தது. வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல் தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினார். இப்போதெல்லாம் தோல் மட்டும் தனியாக வருகிறது, சதை சேதமாவதில்லை. அவர் முகமும் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது.

நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

“எனக்குப் பாரம் எங்க சார்?”

“உங்களுக்கெல்லாம் பாரம் கிடையாதேம்மா.”

“இருந்தா, அது முடியாம நீங்க எதுவும் செய்ய முடியாதுல்ல?”

அவர் உரிப்பதை நிறுத்தி யோசித்தார். “விதி எல்லாப் பிரிவுக்கும் ஒண்ணுதான்” என்றார்.

“அப்ப நானே எழுதுறேன்.”

கடையில் நோட்டு ஒன்று வாங்கினேன். அவர் பழக்கம் விடாமல் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக் கொடுத்தார். பெயர், வயது, தொழில், எத்தனை வருஷம், நேரம். நான் படிப்பதைவிட எழுதுவது இன்னும் மெதுவாக வரும். படித்துப் படித்து வேகம் வந்த மாதிரி எழுதி எழுதி வந்துவிடுமோ என்று ஒரு கவலை இருந்தது. அதனால் ஒரு நாளைக்கு ஒரு எழுத்து என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் ‘ப’. கோணலாக இருக்கிறது என்று அதை அழித்துவிட்டு மறுநாளும் ‘ப’.

விஷயம் கிரஷரில் பரவியது. சாயங்காலம் வேலை விட்டதும் பெண்கள் ஆளுக்கொரு நோட்டோடு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் முதலில் எழுதப் படித்தார்கள். அதில் இன்னும் நாள் போனது. அவர்களுடைய ஒருத்திகள் வெளியே வரிசையாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாரும் சதை போடவில்லை. தெருவில் எல்லார் வீட்டுக்கும் உரித்த பூண்டு கிடைத்தது.

நேற்று நான் ‘கிரஷ’ வரைக்கும் எழுதிவிட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“நல்லா வந்துருக்கும்மா. அந்தக் கடைசிக் கட்டம், நேரம்... அதுல என்ன போடுறதா உத்தேசம்?”

“அதக் கடைசியில பாத்துக்கலாம் சார்.”

“சரிம்மா” என்று அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

அப்போது வாசலில் கனமாக ஏதோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சடையாண்டி போய்ப் பார்த்துவிட்டு, “அந்தக் கல்லுதான்” என்றார். மலையிலிருந்து ஊர் வரைக்கும் தானாக வந்திருந்தது. கீழ்ப்பக்கமெல்லாம் புழுதி. “தேதி போன கல்லும்மா. அதுக்கும் இனி அங்க வேலையில்ல” என்றார் உள்ளேயிருந்தவர். வழியில் நின்றால் ஆட்கள் தட்டி விழுவார்களே என்று எனக்குக் கவலையாக இருந்தது. குழாயடிக்குப் போய்ப் படுத்துக்கொள்ளச் சொன்னேன். போய்ப் படுத்துக்கொண்டது.

இன்று காலையில் அதன் மேல் சடையாண்டியின் சட்டையைப் போட்டுத் துவைத்தேன். நன்றாக அழுக்குப் போகிறது.